ஒன்பது இடங்களின் பட்டியல்

பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு பஸ் உத்திரமேரூரில் நின்றது. ஜன்னல் வழியே நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் குடையையும் அதன் கீழே நான்கு கால்களையும். வெயிலுக்காகக் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் முகங்கள் தெரியவில்லை. இரண்டு கால்கள் வெறுங்கால்கள். பித்தவெடிப்புகளில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. மற்ற இரண்டும் சிவப்பு வார் வைத்த செருப்புக்குள் இருந்தன. செருப்பு சிறியது. குதிகால் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நின்றது.

அந்தச் செருப்பு எனக்குத் தெரிந்ததுதான். காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பும்படி அப்பா முந்தின வருஷம் கடிதம் எழுதியிருந்தார். வந்த தாளைக் கடைக்கு எடுத்துப்போய், அதன்மேல் செருப்பை வைத்துப் பார்த்து வாங்கி, மலாயாவிலிருந்து பார்சலில் அனுப்பினார். தாள் வந்து, செருப்பு போய், நாங்கள் வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிட்டது.

செருப்புக்குள் நின்றது என் அக்கா. குடையைப் பிடித்திருந்தது அத்தை, அப்பாவுக்கு மூத்தவர்.

"வாடா தம்பி," என்றார் அத்தை. "எட்டரை வருசம் ஆவுது. பஸ்ஸு லேட்டா?"

அப்பா பெட்டிகளை எண்ணினார். அம்மா இறங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார்.

"ஏன்டி, கடிக்கலியா?"

"கடிக்குது."

எட்டரை வருஷத்துக்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். எனக்கு அப்போது பத்து வயது. அக்காவைப் பார்த்ததாக எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. அப்பா என்னையும் அம்மாவையும் கப்பலேற்றியபோது எனக்கு இரண்டு வயது, அவளுக்கு ஐந்துகூட நிறையவில்லை. அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கிடைத்திருந்த வீடு ஒற்றை அறை. தோட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு பிள்ளையைச் சமாளிக்கலாம், இரண்டை முடியாது என்று அம்மா அப்போது சொன்னாராம். புருஷனும் பிள்ளையும் இல்லாத அத்தை, ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றாராம். அத்தை நிபந்தனை ஒன்றுதான் போட்டார்: நான் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள், பகலில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் போ. அப்பா சேர்த்துவிட்டுப் போனார். எப்படிச் சேர்த்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த முறை வந்தது அவளை அழைத்துப் போகத்தான். தோட்டத்தில் இப்போது இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். அக்கா அவளுடைய டிரங்குப் பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். தினமும் உடுத்துவதை அதிலிருந்து எடுத்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அதிலேயே மடித்து வைத்தாள்.

"கப்பல்ல தூங்கசொல்ல கீழ உழுந்துடுவமா?" என்று முதல் நாளே என்னைக் கேட்டாள்.

"இல்ல. ஆனா வாந்தி வரும்."

"எனுக்கு பஸ்லயே வராது. நீ ஏன் நைனாவ அப்பாங்கற?"

"அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப நானும் அங்க வந்து மாத்திக்கறேன்," என்றாள்.

அப்பாவுக்கு இடங்களைப் பார்க்கும் பழக்கம் மலாயாவில் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கிளப்பிவிடுவார். நீர்வீழ்ச்சி, மலை ரயில், பாம்புகள் சுருண்டு கிடக்கும் கோயில், பூந்தோட்டம். எங்கே போனாலும் ஒரு சிறு நோட்டில் போன நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதிக்கொள்வார். பெட்டிக் கேமராவில் ஒரு படம் எடுப்பார். ஒரு சுருளில் எட்டுப் படம்தான் என்பதால் ஒரு இடத்துக்கு ஒன்றுதான். படம் கழுவி வந்ததும் பின்பக்கத்தில் இடம், தேதி, கிழமை, நேரம், நிற்பவர்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதுவார். காலைப் பெரட்டில் கூலிகளை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் வேலை அவருடையது. அந்தப் பழக்கத்தில், கூட்டமான இடங்களில் எங்களையும் எண்ணுவார்.

"நான் இன்னா, பால்மரம் வெட்ற கூலியா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் "ரெண்டு" என்று சொல்லிவிடுவார்.

ஊரில் பார்க்கவேண்டிய இடங்கள் என்று அப்பா கப்பலிலேயே ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஒன்பது இடங்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தோட்டத்துத் துரை ஒருநாள் ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு, உன் ஊர் உத்திரமேரூர்தானே, அங்கே ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தேர்தல் கல்வெட்டு இருக்கிறதாமே, பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அப்பா பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பார்த்ததில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கோயில் வாசலில் நிற்க முடியாது. அதைத் துரையிடம் சொல்வதைவிடப் பார்த்தேன் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

பட்டியலில் முதல் இடம் அந்தக் கல்வெட்டு. ஒன்பதாவது மதராஸ். அக்காவைக் கூட்டிப்போக மதராஸில் ஓர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். மலாயாவில் வேலையில் இருக்கும் தகப்பன், பதினைந்து வயது நிறையாத பிள்ளையைத் தன் அனுமதிச் சீட்டில் சேர்த்து அழைத்துப் போகலாம். விண்ணப்பம் கொடுக்கும் நாளில் பதினைந்து நிறைந்திருக்கக் கூடாது. வயதுக்கு அத்தாட்சி பள்ளிக்கூடச் சான்றிதழ். இவ்வளவுதான் விதி. அக்காவுக்குப் பதிமூன்று முடிந்து சில வாரங்கள். கப்பல் மார்ச்சு மாதப் பாதியில். நாங்கள் வந்து இறங்கியது டிசம்பர் கடைசியில். மதராஸுக்கு ஒரு தடவை போய், ஆபீஸ் வேலையையும் மியூசியத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அப்பா திட்டம் போட்டிருந்தார். இரண்டு தடவை போவது வீண்.

"மொதல்ல அந்த ஆபீஸுக்குப் போய்ட்டு வந்துடுங்களேன்," என்று அம்மா இரண்டாம் நாள் சொன்னார்.

"பொங்கல் முடியட்டும்."

கல்வெட்டுக்குப் போனது ஜனவரி முதல் வாரம். அத்தையும் வந்தார். வீட்டிலிருந்து ஒரு மைல் நடை. மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்து. கோயில் ஆள் ஒருவர், கேட்பவர்களுக்குப் படித்துச் சொல்வது வழக்கம் போலிருக்கிறது, சுவரைப் பார்க்காமலே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போடுவது, குலுக்கி ஒன்றை எடுப்பது. நிற்கிறவனுக்குச் சொந்த நிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உள்ளும் இருக்கவேண்டும்.

அப்பா குறுக்கிட்டார். "வயசுக்கு அந்தக் காலத்துல இன்னா அத்தாட்சிங்க?"

அந்த ஆள் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தார். "அத்தாட்சி எதுக்கு சார்? ஊர்ல எல்லார் வயசும் எல்லாருக்கும் தெரியும்."

அத்தை படியேறவில்லை. தெருவிலேயே குடையை விரித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது.

"கல்லு இன்னா சொல்லுது?"

"முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருந்தாதான் ஊர் சபைக்கு நிக்கலாமாம்," என்றார் அப்பா.

"எனுக்கு அம்பது ஆவுது."

"சொந்த நெலம் இருக்கணுமாம்."

"அப்ப வயசே கேக்கமாட்டான்," என்றார் அத்தை. "வா, வெயில் ஏறுது."

அதற்குப் பிறகு அத்தை எந்த இடத்துக்கும் வரவில்லை. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. "இங்கியே பொறந்து இங்கியே வளந்தவளுக்கு, நீ கப்பல்ல வந்து ஊரக் காட்டறியா?" என்று கேட்டுவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். அக்கா போவதைப் பற்றி அவர் பேசியதெல்லாம் ஒரு வார்த்தைதான். "போவட்டும்." யார் கேட்டாலும் அதேதான். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நாங்கள் நால்வர் போனோம். எங்கள் பயணங்களை யாராவது இன்பமானவை என்று சொன்னால் நம்பமாட்டேன். நான்கரைக்கு எழுப்பிவிடுவார்கள். அம்மா அதற்கு முன்பே எழுந்து புளிச்சோறு கிளறி வாழை இலையில் கட்டியிருப்பார். ஒரு மைல் நடந்து வந்து பஸ்ஸுக்கு நிற்போம். பஸ் வரும், அல்லது வராது. வந்தால் உட்கார இடம் இருக்காது. போய்ச் சேர்ந்ததும் அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு மணி நேரம் இருக்கு," என்பார். அந்த இரண்டு மணி நேரமும் வெயிலில் நடப்போம். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்த காட்சிகளைவிட, பஸ்ஸுக்குக் காத்திருந்த புளியமரத்தடிகள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

மாகறலுக்குப் போகும்போது செய்யாற்று மணலில் நடக்கவேண்டியிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சூடான மணலில் அவள் வேகமாக நடந்தாள். செருப்புப் போட்ட எங்களால் அந்த வேகத்துக்கு நடக்க முடியவில்லை. மறுகரை ஏறியதும் அப்பா பார்ப்பதற்குள் மாட்டிக்கொண்டாள். அனுப்பியவர் மனசு நோகக்கூடாதாம். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்தாள். அந்த வருஷத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் காலில் செருப்பு இருக்கிறது.

நான் அவளுக்கு மலாய் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தேன். சாப்பிடுவது மக்கான். தண்ணீர் ஆயர். பஸ் நிறுத்தங்களில் வேறு வேலை இல்லாததால் நிறையக் கற்றுக்கொண்டாள். தென்னேரி ஏரிக்கரை மேல் ஏறியதும், அக்கரை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து, "யம்மாடி, எம்மாம் ஆயர்!" என்றாள். அம்மா சிரித்தார். அந்தப் பயணங்களில் அம்மா சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று எழுத நினைத்தேன். இன்னொரு முறையும் இருக்கலாம். சிரித்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து காலைப் பிசைந்துகொண்டார்.

"இன்னும் எத்தினி கீது உங்க லிஸ்ட்ல?"

"நாலு."

"ஏரியப் பாக்கறதுக்கு இன்னாத்துக்குப் பஸ் ஏறணும்? நம்மூர்ல இல்லாத ஏரியா?"

"இது பெரிசு."

"அந்த ஆபீஸ் வேலைய முடிச்சிட்டா நான் ஏழு ஏரி கூட பாக்கறேன். மனசு ஓடமாட்டேங்குது."

"ஆபீஸ் எங்கியும் ஓடிப்போவாது," என்றார் அப்பா. "வேடந்தாங்கல் பறவைதான் ஓடிப்போவும். சீசன் முடியுது."

மாமல்லபுரத்துக்குக் காணும் பொங்கலன்று போயிருந்தோம். ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்டத்தில் அப்பா நான்கு முறை எங்களை எண்ணினார். மலாயாவில் அவர் "ஒண்ணு" என்று தன்னைச் சொல்வார், அம்மா "ரெண்டு", நான் "மூணு". இப்போது யார் மூன்று என்பது ஒரு கேள்வியாகிவிட்டது. முதல் முறை நானும் அக்காவும் ஒரே நேரத்தில் மூன்று என்றோம். அப்பா யோசித்து, பெரியவள்தான் மூன்று என்று தீர்த்துவைத்தார். எனக்கு அது கொஞ்சநாள் உறுத்தியது. அக்கா அன்று முழுவதும் அவர் எண்ணும் முன்பே "மூணு, மூணு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வேடந்தாங்கலுக்குப் போனது பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை. விடிவதற்கு முன் அங்கே இருக்கவேண்டும் என்பதால் முதல் நாள் மாலையே போய், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் படுத்துக்கொண்டோம். காலையில் கரைமேல் ஏறியபோது தண்ணீருக்குள் நின்ற மரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது பூ இல்லை, பறவைகள் என்று தெரிந்தது. சத்தம் நிறைய. வாடை அதைவிட நிறைய. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காவல் பார்க்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு நடந்துவந்தார். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் போனால் எருவே வேண்டாம் என்றார். "தீவாளிக்கு நாங்க வெடி கூட வுடறதில்ல. புள்ளைங்க அழும். அழுவட்டும்."

"எல்லாம் வெளிநாட்டுப் பறவைங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எது வெளிநாடு? இங்கதான் கூடு கட்டுது, இங்கதான் முட்டை போடுது, இங்கதான் பொறிக்குது. அப்பறம் எங்க போவுதோ, அதான் அதுங்களுக்கு வெளிநாடு."

அப்பா இதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எங்களைக் கரையில் நிற்கவைத்து, பெரியவரிடம் கேமராவைக் கொடுத்து எதை அழுத்தவேண்டும் என்று காட்டிவிட்டு, ஓடிவந்து எங்கள் பக்கத்தில் நின்றார். பெரியவர் அழுத்தினார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அன்று திரும்பும் பஸ் கெட்டுப்போய், பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி. திங்கட்கிழமை மதராஸ் போவதாக ஏற்பாடு. அக்கா அங்கேதான் வகுப்பில் இருந்தாள். நான் அப்பாவோடு போயிருந்தேன். தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, விரலால் தேடி, நின்று, படித்தார்.

"பதினஞ்சு நெறஞ்சு எட்டு நாள் ஆவுதுங்க."

"இல்ல சார். பதிமூணு. வேற யாராவது பேரா இருக்கும், நல்லாப் பாருங்க."

"பேரு சரியா கீது. மணியக்காரர் குடுத்த பொறப்பு நகல் கூட ஒட்டி கீது பாருங்க. கீழ உங்க கையெழுத்து."

அப்பா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் ஒரு காகிதத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. சாதாரணமாக ஒரு பார்வையில் முடித்துவிடுவார்.

நடந்தது இது. அக்காவைச் சேர்க்கப்போன அன்று அப்போதிருந்த வாத்தியார், வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டினால் ஐந்து வயது. அதுதான் அந்நாளில் வழக்கம். அக்காவுக்கு எட்டவில்லை. அப்பா அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கூடப் பார்த்தாராம். வாத்தியார், பிறப்புக்கு அத்தாட்சி இருந்தால் கொண்டுவா என்றார். கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. அப்பா மணியக்காரரிடம் போனார். அவருடைய பிறப்புப் புத்தகத்தில் அப்பா பேரில் ஒரே ஒரு பெண் குழந்தை எழுதப்பட்டிருந்தது. பிறந்த உடனே எழுதுவதால் குழந்தைக்குப் பேர் இருக்காது. தகப்பன் பேர், ஊர், பெண் குழந்தை, தேதி, அவ்வளவுதான். அந்தக் குழந்தை அக்கா அல்ல. அக்காவுக்கு ஒரு வருஷம் ஒன்பது மாதம் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் பிறந்து, பத்தாம் மாதம் இறந்துபோனது. அக்கா பிறந்தது ஏரிக்கரை உடைந்து ஊர் தண்ணீரில் கிடந்த வாரம். அதை யாரும் போய் எழுதவில்லை. இருந்த ஒரு நகலை அப்பா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். வாத்தியார் சேர்த்துக்கொண்டார். கப்பல் கிளம்பியது. ஒரு வருஷம் ஒன்பது மாதம் கூட எழுதியிருக்கிறது என்பதை மட்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்த அப்பா எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மறந்துவிட்டார்.

திருத்த முடியாதா என்று அப்பா கேட்டார். மேலிடத்துக்கு எழுதவேண்டும், கோர்ட்டு உத்தரவு வேண்டும், ஆறு மாதமும் ஆகலாம் ஒரு வருஷமும் ஆகலாம் என்றார் தலைமை ஆசிரியர். நல்ல மனிதர். எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அப்பா குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பாப் போட்டு வெச்சிருக்கான்," என்றார் அப்பா. "வயசு கூட காட்டுது."

"இன்னா தேதி போட்டிருக்கான்?"

"பன்னண்டு. பிப்ரவரி."

அம்மா புடைப்பதை நிறுத்தவில்லை. "அது மூத்ததோட தேதி," என்றார்.

அன்று மாலை அத்தை வயலிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கால் கழுவினார். அடுப்பு மூட்டினார். யாரும் கேட்காமலே, "போவட்டும்னுதான் சொன்னேன்," என்றார்.

இருந்தாலும் திங்கட்கிழமை மதராஸுக்குப் போனோம். நேரில் பிள்ளையைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று அப்பா நினைத்தார். ஆபீஸில் கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழை வாங்கி, விரல் விட்டு எண்ணினார்.

"முடிஞ்சிருச்சே சார். போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்திருந்தா அன்னிக்கே வாங்கி வெச்சிருப்பேன்."

"நெஜத்துல பதிமூணுதாங்க. பாருங்க, இதான் பொண்ணு."

அவர் எழுந்து நின்று வலை வழியே பார்த்தார். அக்கா தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். முழங்காலையும் கொஞ்சம் மடக்கினாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியுது சார்," என்றார் அவர். "பேப்பருக்குத் தெரியலியே. இதை வெச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வெளியே வந்தபோது மணி பதினொன்று நாற்பது. திரும்பிப் போகும் ரயில் ஐந்து மணிக்கு மேல்தான். வாசல் படியில் உட்கார்ந்தோம். அம்மா புளிச்சோற்றைப் பிரித்தார். யாரும் அதிகம் சாப்பிடவில்லை. அப்பா நோட்டை எடுத்துத் திறந்து, எதுவும் எழுதாமல் மூடினார்.

"செத்த காலேஜுக்குப் போலாம் நைனா," என்றாள் அக்கா. மியூசியத்துக்கு அங்கே அதுதான் பேர். "லிஸ்ட்ல கீதே."

போனோம். ஒரு பெரிய கூடத்தில் திமிங்கலத்தின் எலும்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, அடி வைத்து அளந்து, முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து நடந்தாள். செருப்பு கையில் இருந்தது. அப்பா பார்த்தார், அவள் இந்த முறை மாட்டிக்கொள்ளவில்லை. பட்டியலில் இரண்டு இடம் போகாமல் நின்றிருந்ததால் கேமராவில் இன்னும் இரண்டு படம் மீதி இருந்தது. அப்பா எடுக்கவில்லை.

பிற்பாடு நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் பார்த்தேன். தேதிகளை மட்டும் மூலத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்ப்பேன். அக்கா உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே படித்து, ஆசிரியைப் பயிற்சி முடித்து, அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். ஐம்பத்தெட்டு நிறைந்தது என்று மாலை போட்டு அனுப்பியபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயதும் மூன்று மாதமும்.

நாங்கள் மலாயாவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அம்மா ஒரு தாளைத் தரையில் விரித்து அக்காவைக் கால் வைக்கச் சொன்னார். பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு வரைந்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றாள் அக்கா.

"வந்து சேரசொல்ல சரியா இருக்கும்."

அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வெரலா போடு. உங்கூட்டுக்காரன் வாங்கி அனுப்பறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிடும்," என்றார். அம்மா இன்னொரு கோடு வரைந்தார்.

மறுநாள் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பஸ் வரும்வரை எங்களோடு நின்றிருந்து, புத்தகப்பையோடு அப்படியே போனாள். பஸ்ஸில் ஏறியதும் அப்பா பழக்கத்தில் எண்ணத் தொடங்கினார். ஒன்று என்றார். அம்மா இரண்டு என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

சுருள் மலாயாவுக்குப் போய்த்தான் கழுவப்பட்டது. ஆறு படம் வந்தது. பறவை ஏரிக் கரையில் நாங்கள் நிற்கும் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. பறவைகள் அசைந்துகொண்டே இருந்ததால் மரங்கள் கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கின்றன; முகங்கள் தெளிவாக இருக்கின்றன. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: வேடந்தாங்கல், பிப்ரவரி 11, புதன், காலை 7.15, நால்வர்.